பேப்பர் போடும் பையனும் பாபிலோன் மன்னர்களும்

இந்தத் தொடரில் இதுவரை மன்னர்கள், தளபதிகள், உடன்படிக்கைகள் என்றே பார்த்துவந்தோம். இந்த வாரம் பேப்பர் போடும் ஒரு பையன்.

பெயர் ஜோ க்ரோவெல். வயது 11. 1901 மே 7, விடிந்தும் விடியாத பொழுது. வீடு வீடாகப் பேப்பரை வீசிக்கொண்டு வருகிறான். எதிரே டாக்டர் கிப்ஸ். இரட்டைப் பிரசவம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு திரும்பிக்கொண்டிருக்கிறார். டீச்சருக்குக் கல்யாணமாம் என்கிறான் பையன். அவனுக்கு அதில் சம்மதமில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்கிறார். பரவாயில்லை, மழை வருமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்கிறான். போய்விடுகிறான்.

அவன் அந்தப் பக்கம் போனதும், மேடை ஓரத்தில் நிற்கும் ஒருவர் நம் பக்கம் திரும்பி அவனுக்கு என்ன ஆகப்போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறார். ஜோ மகா கெட்டிக்காரன். ஸ்காலர்ஷிப் கிடைத்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனான். அங்கேயும் முதல் மாணவன். பெரிய எஞ்சினியர் ஆகியிருப்பான். போர் வந்தது, பிரான்சில் செத்துப்போனான்.

தார்ன்டன் வைல்டரின் ‘ஆவர் டவுன்’, அதாவது ‘நம்ம ஊர்’ நாடகத்துக்குள் முதல் உலகப் போர் நுழைவது இந்தப் பையன் வழியாகத்தான். அந்தப் போரில் இறந்த அமெரிக்கர்கள் 1,16,000-க்கும் மேல். அந்த எண்ணை மேடையில் சொல்லியிருந்தால் வீடு போய்ச் சேருவதற்குள் மறந்திருப்போம். மழையை முன்கூட்டிச் சொல்லும் அந்த முழங்கால் மறப்பதில்லை.

நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியது 1938 பிப்ரவரி 4 அன்று. அதே ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. காட்சித் திரை கிடையாது. இரண்டு மேஜை, சில நாற்காலிகள், இரண்டு ஏணி, அவ்வளவுதான். ‘மேடை மேலாளர்’ என்ற பாத்திரமே கதையை நடத்திச் செல்கிறது; தெருக்கூத்து பார்த்துப் பழகியவர்களுக்குக் கட்டியக்காரனின் வேலை என்றால் சட்டென்று புரியும். ஊரின் பெயர் க்ரோவர்ஸ் கார்னர்ஸ். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை. அதே மாநிலத்தின் பீட்டர்பரோவில், மெக்டவல் கலைஞர் குடியிருப்பில் தங்கி வைல்டர் எழுதியிருக்கிறார். அந்தச் சிற்றூரின் சாயல் நாடகத்தில் நிறைய உண்டு. நாடகம் சொல்லும் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நம்பி வரைபடத்தில் தேடினால் பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில், ராக்போர்ட் கடற்கரையில் போய் நிற்போம்.

‘எந்த ஊருக்கும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும் நாடகம்’ என்று இதைப் பாராட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதில் வருடம் சொல்லாத அங்கமே கிடையாது: 1901, 1904, 1913. மூன்றும் பெரும்போருக்கு முந்தியவை. 1938-இல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் போரையும் பொருளாதார வீழ்ச்சியையும் கண்டவர்கள், அடுத்த போரின் இரைச்சலைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். மேடையில் பால்காரர் குதிரையோடு வரும்போது, அந்தக் குதிரைக்கு இன்னும் எத்தனை வருடம் என்பது அவர்களுக்குத் தெரியும். மூன்றாம் அங்கத்தில் ஊருக்குள் ஃபோர்டு கார்கள் வந்துவிடுகின்றன. நகரும் தொகுப்பு வரிசையில் மாடல் டி கார்களை ஃபோர்டு நிறுவனம் பூட்டத் தொடங்கியது சரியாக அதே 1913-இல்.

இனி இன்னொரு போர், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு வருவோம். டாக்டர் கிப்ஸுக்கு அதில் தீராத பித்து. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மனைவியை அழைத்துக்கொண்டு பழைய போர்க்களங்களைப் பார்க்கப் போவார். கெட்டிஸ்பர்க்கிலும் ஆன்டீடமிலும் புதருக்குப் புதர் நின்று, நிலம் வாங்க வந்தவர் மாதிரி அடி அளந்து நடப்பார். மனைவிக்கோ ஆயுளில் ஒரு தடவை பாரிஸ் பார்க்க ஆசை. பாட்டி கொடுத்த உயரமான இழுப்பறை அலமாரிக்கு, பாஸ்டனிலிருந்து வந்த பழைய சாமான் வியாபாரி 350 டாலர் தருவதாகச் சொல்கிறார். பாரிஸைப் பார்த்துவிட்டால் உள்ளூர் பிடிக்காமல் போய்விடும் என்று கணவர் மறுக்கிறார். கடைசியில் அந்த 350 டாலர் மகன் ஜார்ஜின் பண்ணைக்குப் போய், மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு சிமெண்ட் தொட்டியாகிறது. அந்த அம்மாள் பாரிஸ் பார்க்கவே இல்லை.

ஊர்க் கல்லறையில் அந்தப் போரில் இறந்த பையன்களின் சமாதிகள் இருக்கின்றன. மேலே இரும்புக் கொடிச் சின்னங்கள். ஊரைச் சுற்றி ஐம்பது மைலுக்கு மேல் பார்த்திராத பிள்ளைகள், ஒரு தேசம் உடையக்கூடாது என்று போய் உயிரை விட்டார்கள் என்கிறார் மேடை மேலாளர். இது வெறும் உருக்கப் பேச்சு இல்லை. வடக்குப் படையின் காலாட்படைப் பிரிவுகளிலேயே போர்க்களத்தில் அதிகம் பேரைப் பறிகொடுத்தது நியூ ஹாம்ப்ஷயரின் 5ஆவது பிரிவுதான். ஆன்டீடத்திலும் கெட்டிஸ்பர்க்கிலும் நின்றவர்கள் அவர்கள். நாடகம் அரங்கேறிய ஐந்தாவது மாதம், 1938 ஜூலையில், கெட்டிஸ்பர்க் போரின் 75ஆம் ஆண்டு நினைவுக்கு, உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சுமார் 1,800 முதியவர்கள் அந்தக் களத்தில் கூடினார்கள். சராசரி வயது தொண்ணூற்றுக்கு மேல். டாக்டர் கிப்ஸ் அடி அளந்த அதே மண்.

கதாநாயகி எமிலி பள்ளியில் லூசியானா கொள்முதல் பற்றி அருவி மாதிரிப் பேசிப் பெயர் வாங்கியவள். 1803-இல் அமெரிக்காவின் பரப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிய பேரம் அது. அவள் அப்பா வெப், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர். ஊரில் 86 சதவீதம் குடியரசுக் கட்சி, 6 சதவீதம் ஜனநாயகக் கட்சி, 4 சதவீதம் சோஷலிஸ்டுகள் என்று கணக்கு ஒப்பிக்கிறார். 21 வயதான ஆண்களுக்கெல்லாம் ஓட்டு உண்டு. பெண்கள் மறைமுகமாக ஓட்டுப் போடுகிறார்கள் என்கிறார். அரங்கில் சிரிப்பு எழும் இடம். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19ஆவது திருத்தம் நிறைவேறியது 1920-இல். எமிலி 1913-இல், 26 வயதில், இரண்டாவது பிரசவத்தில் இறந்துபோகிறாள். நாட்டின் வரலாற்றை வகுப்பில் மனப்பாடமாகச் சொன்னவள், அதிபர் தேர்தலில் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. அவள் சாவும் நாடகத்துக்காகச் செய்த சோடனை இல்லை. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஆறு முதல் ஒன்பது தாய்மார் இறந்தார்கள்.

ஊரின் வரலாற்றைச் சொல்ல ஒரு பேராசிரியரும் மேடைக்கு வருகிறார். உலகின் மிகப் பழைய நிலம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, கருங்கல்லுக்கு ‘ப்ளைஸ்டோசீன்’ என்று வயது கட்டுகிறார். அது வெறும் 26 லட்சம் வருடத்துக்குள் அடங்கும் காலம்! பூர்வகுடிகளைப் பற்றிக் கொஞ்சமே பேசுகிறார்: ஒரு பழங்குடி இருந்தது, இப்போது இல்லை. அவர் சொல்லும் குலப்பெயரும் கற்பனை. நிஜத்தில் அந்த மண் அபெனாகி மக்களுடையது. இந்த இடத்தில் வைல்டர் இன்னும் நின்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் அடுத்து அவர் செய்வது அபாரம். மக்கள்தொகை 2,640 என்கிறார் பேராசிரியர். மேடை மேலாளர் அவர் காதில் ஏதோ சொல்கிறார். உடனே திருத்திக்கொள்கிறார்: 2,642. அன்று விடியற்காலை டாக்டர் கிப்ஸ் பார்த்த பிரசவம் போலந்துக் குடும்பம் ஒன்றில். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கத்தோலிக்கர்களும் கூலிக்காரர்களும் இருக்கும் பகுதி. அந்த இரட்டைக் குழந்தைகளை நாம் பார்ப்பதே இல்லை. ஊர்க் கணக்கில் இரண்டு எண்களாக மட்டும் வந்து சேர்கிறார்கள்.

வைல்டர் 1920-21இல் ரோமில் தொல்லியல் படித்தவர், அகழாய்வில் கைவைத்தவர். பாபிலோனில் இருபது லட்சம் பேர் வாழ்ந்ததாகவும், மிஞ்சியவை மன்னர்களின் பெயர்களும் சில கோதுமை ஒப்பந்தங்களும்தான் என்றும் மேடை மேலாளர் வருந்துகிறார். ஒவ்வொரு ராத்திரியும் அங்கேயும் குடும்பங்கள் சாப்பிட உட்கார்ந்திருக்குமே! அதனால் ஊரில் கட்டும் புதிய வங்கியின் அடிக்கல்லுக்குள் நியூயார்க் டைம்ஸ், உள்ளூர்ப் பத்திரிகை, பைபிள், அரசியல் சாசனம், ஷேக்ஸ்பியர் ஆகியவற்றோடு இந்த நாடகத்தின் பிரதி ஒன்றையும் வைக்கப்போவதாகச் சொல்கிறார். 1919-இன் வெர்சாய் உடன்படிக்கையும், 1927-இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்ததும் சொல்லாததை இது சொல்லும் என்பது அவர் நம்பிக்கை.

நாடகம் அரங்கேறிய அதே 1938-இல், செப்டம்பர் 23 அன்று, நியூயார்க் உலகக் கண்காட்சித் திடலில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 50 அடி ஆழத்தில் ஓர் உலோகப் பேழையைப் புதைத்தது. ஐயாயிரம் வருடம் கழித்து, 6939-இல் திறக்க வேண்டியது. உள்ளே ஐன்ஸ்டைன் எழுதிய கடிதம், விதைகள், ஒரு பெண்ணின் தொப்பி, டின் திறக்கும் கருவி, பல் துலக்கும் பிரஷ்.

நாடகம் படிக்கக் கிடைத்தால் முதல் அங்கத்தில் அந்தப் பேப்பர் பையன் வரும் இடத்தை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். ஜோ க்ரோவெல் மேடையில் நிற்பது சில நிமிடங்கள்தான்.