வெனிஸ் நகரத்துக் கரும்படகுகள்

புதுமணத் தம்பதிகள் இரண்டொரு நாள் உல்லாசமாகத் தங்கிச் செல்வதற்கென்றே படைக்கப்பட்டது போல் இன்று தோற்றமளிக்கும் வெனிஸ் நகரம், 1797-ஆம் ஆண்டில் நெப்போலியனுக்குப் பணிந்து தன் குடியரசை இழக்கும் வரையில், மலையாளக் கரையிலிருந்து பல கை மாறி வந்த மிளகை ஐரோப்பியருக்கு விற்றுப் பெருநிதி குவித்த ஒரு ராஜ்யத்தின் தலைநகராக விளங்கியது. அந்த ஐசுவரியம் படகுகளிலும் பிரதிபலித்தது. பட்டும் பொன்னும் போர்த்திப் பிரபுக்கள் போட்டியிட்ட ஆடம்பரத்தைப் பொறாத ஆட்சிமன்றம், பதினாறாம் நூற்றாண்டில் சட்டமியற்றி அவ்வலங்காரங்களை விலக்கியது. கொண்டோலா என்னும் அப்படகு இன்றும் கறுப்பு வர்ணமே பூண்டு மிதக்கிறது.

ஏறக்குறைய 11 மீட்டர் நீளமுள்ள அப்படகின் இடப்புறம் வலப்புறத்தைவிட அகன்றிருக்கும். பின்னே நின்று ஒற்றைத் துடுப்பை வலப்பக்கமாகவே வலிக்கும் ஓடக்காரனின் விசையால் படகு ஒருபுறம் திரும்பிவிடாமல், அக்கோணலே அதை நேரே செலுத்துகிறது என்பதை எண்ணுந்தோறும், அதை வகுத்த தச்சர்களின் சூட்சும புத்தியை நான் வியந்து வணங்குகிறேன். முற்காலத்தில் அதன் நடுவே சிறு கூண்டு ஒன்றும் இருந்தது; உள்ளே அமர்ந்தவர் யாரென்று கரையிலிருப்போர் அறியார்.

1846-ஆம் ஆண்டில் நகரைச் சூழ்ந்த காயலின் குறுக்கே ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை படகேறியே நகரை அடைந்த யாத்திரிகர்களுக்குக் குறுகிய கால விஜயம் எளிதாயிற்று. 1881-இல் பெருங்கால்வாயில் நீராவிப் படகு ஓடத் தொடங்கியபோது, கொண்டோலாக்காரர்கள் ஜீவனத்துக்கு அஞ்சி வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானதே. நகரத்தாரின் அன்றாடப் போக்குவரவு நாளடைவில் இயந்திரப் படகுகளுக்குச் சென்றுவிட, கொண்டோலாவுக்கு எஞ்சியவர்கள் பெரும்பாலும் காட்சி காண வரும் அந்நியர்களே.