இலைபோல் தெரியும் கல்: ஊவாவின் பாறையும் தப்போவவின் சுவடும்

பெயர் தெரியாத தாவர உயிர்ச்சுவடு ஒன்று ஏதேனும் சேகரிப்பிலிருந்து எடுத்துக் காட்டப்படும்போது, அதன் உருவத்தை இன்று வளரும் செடிகளோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லிவிடவே எவருக்கும் முதலில் தோன்றும். தாவரத் தொல்லுயிரியலாளர், அதாவது பாறையில் பதிந்த பழங்காலத் தாவரங்களை ஆராய்பவர், அந்த ஒப்பீட்டைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்து, கல் எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையே முதலில் கேட்கிறார். இந்தக் கேள்வியின் வலிமையை இலங்கையில் ஊவா மாகாணத்தைப் போலத் தெளிவாகக் காட்டக்கூடிய இடம் வேறொன்று இருப்பது அரிது.

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை எனத் தேயிலைத் தோட்டங்கள் படர்ந்த மலைகளெல்லாம் உருமாறிய பாறைகளால் ஆனவை. புவியின் ஆழத்தில் பெரும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு, முன்னைய அமைப்பை இழந்து, புதிய கனிமங்களாக மறுபடி உருவெடுத்த பாறைகளே உருமாறிய பாறைகள் எனப்படும். இலங்கையின் மத்திய மலைப்பாறைகள் இறுதியாக இந்த மாற்றத்துக்கு உள்ளானது ஏறத்தாழ 610 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் என்றும், அப்போது வெப்பம் 700 பாகை செல்சியசைத் தாண்டியது என்றும் புவிச்சரிதவியலாளர் கணித்துள்ளனர். தரையில் தாவரங்கள் தோன்றியதற்கான மிகப் பழைய சான்றுகளோ சுமார் 470 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஆகவே ஊவாவின் மலைப்பாறை உருவாகி முடிந்த காலத்தில் தரையில் இலையும் இல்லை, வேரும் இல்லை. கடற்பாசி போன்ற ஏதேனும் அந்தப் பாறைக்கு மூலமாயிருந்த சேற்றில் ஒருகாலத்தில் புதைந்திருந்தாலும் அத்தனை வெப்பத்தில் அதன் உருவம் எஞ்சியிருக்க வழியில்லை.

சுண்ணாம்புக்கல்லில் சிப்பியும் சுவடும் கிடைக்கும் என்று படித்தவர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் மண்ணின் அமிலத்தன்மையைக் குறைப்பதற்காக மலைகளில் தூவப்படும் டொலமைட்டும் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்ததுதான், அது பதுளைப் பகுதியிலும் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கல் பளிங்காக மாறிவிட்ட சுண்ணாம்புக்கல் ஆகையால், முன்பு அதற்குள் என்ன இருந்திருந்தாலும் அது பளிங்குப் பரல்களாக மறுபடி உருவெடுத்துவிட்டது. இலங்கையின் இத்தகைய பளிங்குச் சுண்ணக்கற்களைப் பற்றி 1902இல் விரிவாக எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த அவர் அதற்கு முன் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பதும், இலங்கையின் கனிமவள ஆய்வுக்கு முதல் தலைவராக இருந்தவர் என்பதும் தமிழ் வாசகர் மறந்துவிடக் கூடாத செய்திகள்.

அப்படியானால் மலையகத்துக் கற்களைப் பிளக்கும்போது சில வேளைகளில் தெரியும் கரும் பன்னக் கிளைகள் யாவை? மங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஒட்சைட்டுகள் நீரோடு கலந்து பாறையின் நுண்ணிய வெடிப்புகளுக்குள் ஊறிப் படியும்போது, கிளைகிளையாகப் பிரிந்து வளரும் ஒரு கனிமப் படிவை அவை உண்டாக்குகின்றன. பன்னம் என்பது பூக்காத, வித்திகளால் பெருகும் செடிவகை. அதன் இலையைப் போலவே இந்தப் படிவு தோன்றுவதால் ஏமாந்தவர்கள் பலர். உண்மையான இலையில் நடுநரம்பு ஒன்று இருக்கும், பக்க நரம்புகள் அதிலிருந்து ஓர் ஒழுங்கான இடைவெளியிலும் கோணத்திலும் புறப்படும், சிற்றிலைகள் ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப வரும். கனிமக் கிளைகளில் இந்த ஒழுங்கு கிடையாது, ஒரு கிளையின் தடிப்புக்கும் அடுத்ததன் தடிப்புக்கும் தொடர்பு இராது, அவை வெடிப்பு போகும் வழியிலேயே போகும். கைவில்லை ஒன்றும் சிறிது பொறுமையும் இருந்தால் பாடசாலை மாணவர் ஒருவரே இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளலாம்.

எனவே ஊவாவின் பாடசாலை அலமாரியிலோ தோட்டத்துப் பங்களாவிலோ உள்ள ஒரு கல்லில் நரம்போடு கூடிய இலைப்பதிவு உண்மையாகவே இருக்குமானால், அந்தக் கல் அந்த மலையின் பாறையிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. இலங்கைக்குள் தேடினால் முதலில் நினைவுக்கு வர வேண்டிய இடம் வடமேற்கில் புத்தளத்துக்கு அருகிலுள்ள தப்போவ. அதற்குத் தெற்கே அண்டிகமவிலும் இத்தகைய படிவுகள் உண்டு. ஜுராசிக் காலத்தில், அதாவது ஏறத்தாழ 201 முதல் 145 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட நெடுங்காலத்தில், ஆற்று நீரும் ஏரி நீரும் கொண்டுவந்து சேர்த்த மணலும் சேறும் அங்கே கல்லாகின. நிலப்பிளவுகளின் வழியே அந்தப் பகுதி கீழிறங்கி, சுற்றிலுமுள்ள பழம்பாறைகளின் காப்புக்குள் அகப்பட்டதால், நாட்டின் பிற இடங்களில் அரித்துப் போயிருக்கக்கூடிய அடுக்குகள் அங்கே தப்பிப் பிழைத்தன. இலங்கையின் கனிமவள ஆய்வில் பணியாற்றி, பின்னர் உகாண்டாவின் புவிச்சரித ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்ற எட்வர்ட் ஜேம்ஸ் வேலண்ட் தப்போவவின் பாறைகளைப் பற்றி எழுதினார்.

தப்போவவின் இலைகளுக்குப் பெயர் கிடைத்தது கேம்பிரிட்ஜில். அங்கே தாவரவியல் பேராசிரியராயிருந்த ஆல்பர்ட் சார்ள்ஸ் சீவர்டும், அவரிடம் உதவியாளராயிருந்த றிச்சர்ட் எரிக் ஹொல்ட்டமும் இலங்கையின் ஜுராசிக் தாவரங்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 1922இல் வெளியிட்டனர். சீவர்டுக்கு இது பழகிய வேலை. 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் உயிரிழந்த ஸ்கொட் குழுவினர், கடைசிவரை கைவிடாமல் இழுத்துவந்த சுமார் 16 கிலோகிராம் பாறைத் துண்டுகளில் இருந்த இலைகளை ஆராய்ந்து, அவை குளோசொப்டெரிசு என்று 1914இல் அறிவித்தவரும் அவரே. இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் கிடைக்கும் அதே இலை அந்தார்ட்டிக்காவிலும் கிடைத்தது, இந்நிலங்களெல்லாம் ஒருகாலத்தில் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாயிருந்தன என்ற கருத்துக்கு வலுவான சான்றாயிற்று.

குளோசொப்டெரிசு நாக்கு வடிவான இலை. தப்போவவில் கிடைத்த தெனியொப்டெரிசும் நீண்டு ஒடுங்கிய நாக்கு வடிவமுடையதே. வெளிவடிவத்தை மட்டும் கொண்டு பெயரிட்டால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது. அப்படிக் கொண்டால் பாறையின் வயதும் பிழைத்துவிடும், ஏனெனில் குளோசொப்டெரிசு செழித்திருந்தது ஜுராசிக்குக்கு மிக முற்பட்ட, 299 முதல் 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய பேர்மியன் காலத்தில். இரண்டையும் பிரிப்பது நரம்பு. குளோசொப்டெரிசின் பக்க நரம்புகள் ஒன்றோடொன்று கூடி மீன்வலைக் கண்களைப் போன்ற அமைப்பைத் தரும். தெனியொப்டெரிசின் பக்க நரம்புகள் ஒன்றோடொன்று கலவாமல் விளிம்புவரை தனித்தனியே ஓடும். இலையின் நடுப்பகுதியில் விரல்நகம் அளவுக்கு நரம்பு தெளிவாகப் பதிந்திருந்தாலே போதும், பல கோடி ஆண்டுகள் அகன்ற குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

இருந்தாலும் நரம்பு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தப்போவவின் பன்னம்போன்ற இலைகள் கிளடோபிளெபிசு என்ற பெயரில் அடங்குகின்றன. இது வடிவப் பேரினம் எனப்படும் வகை: வித்திகளைத் தாங்கும் பகுதி கிடைக்காதபோது, இன்ன தோற்றமுடைய இலை என்று மட்டும் குறிக்கும் தற்காலிக அடையாளம். இதில் ஆய்வாளர்கள் காட்டும் தன்னடக்கம் மதிக்கத்தக்கது, ஏனெனில் பன்னம்போன்ற இலையெல்லாம் பன்னம் ஆகிவிடாது. இங்கிலாந்தின் நிலக்கரி அடுக்குகளில் தனித்தனியே கிடைத்த ஒரு தண்டு, ஓர் இலை, ஒரு வித்து ஆகிய மூன்றிலும் ஒரேவகைச் சுரப்பி மயிர்கள் இருப்பதைக் கண்டு, அவை ஒரே செடியின் உறுப்புகள் என்று 1903இல் தாவரவியலாளர்களான ஒலிவரும் ஸ்கொட்டும் (தென்துருவம் சென்ற ஸ்கொட் அல்லர்) நிறுவினர். பன்ன இலையோடு வித்தும் தந்த செடிகள் ஒருகாலத்தில் இருந்தன என்பது அதிலிருந்தே உறுதியாயிற்று. சீவர்டிடம் பயின்ற பீர்பால் சாஹ்னி, ராஜ்மகால் குன்றுகளில் சிதறிக் கிடைத்த தண்டுகளையும் இலைகளையும் வித்துறுப்புகளையும் இணைத்துப் பென்டொக்சிலான் குழுவை 1948இல் விவரித்தபோது, அதன் இலை தெனியொப்டெரிசு வடிவினது என்று தெரியவந்தது. தப்போவவின் தாவரங்களை 1944இல் மீண்டும் ஆராய்ந்த சித்தோலேயும் லக்னோவில் சாஹ்னியின் வழிவந்தவரே. இலங்கையின் கல்லுக்கு இந்தியாவின் சேகரிப்புகள் இன்றியமையாத ஒப்பீட்டுக் களமாக அமைந்தது அந்தத் தொடர்பினாலேயே.

இத்தகைய ஒப்பீடு எதுவும் ஊர்ப்பெயர் அழிந்த கல்லில் நடவாது. 1846இல் பிரித்தானியப் புவிச்சரித ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஜோசப் ஹூக்கர், தொல்மரச் சீவல்கள் பதித்த கண்ணாடித் தகடுகளை முறைப்படி பதிவேட்டில் ஏற்றுமுன் இமயமலைப் பயணம் புறப்பட்டார். பதிவு பெறாத அந்தத் தகடுகள் மறக்கப்பட்டு, 2011இல் ஹவார்ட் பால்கன்-லாங் ஓர் இழுப்பறையைத் திறந்தபோதே மீண்டும் கண்ணில் பட்டன. அவற்றுள் ஒன்றில் சார்ள்ஸ் டார்வினின் பெயர் இருந்தது. தகட்டின்மீது எழுதியிருந்த அந்தச் சில எழுத்துகள் இல்லாதிருந்தால், டார்வின் தென்னமெரிக்கப் பயணத்தில் சேகரித்த மரத்துண்டு என்று அதை எவராலும் அறிந்திருக்க முடியாது.

ஊவாவிலும் அதன் அயலிலும் பழந்தாவரங்களைத் தேடுவோர் பாறையை விட்டு ஈரமண்ணுக்குத்தான் போக வேண்டும். பதுளை மாவட்டத்து ஒஹிய நிலையத்திலிருந்து ஏறிச்சென்று அடையும் ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்புகளில், மக்காத தாவரக் கழிவு சேர்ந்து உண்டான கரி மண்ணில், பூக்களின் மகரந்தத் துகள்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சிதையாமல் தங்கியுள்ளன. மண்ணைக் குழாய்போன்ற கருவியால் அடுக்குக் கலையாமல் எடுத்து, அமிலத்தால் பிறவற்றைக் கரைத்து, எஞ்சிய துகள்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக இனங்கண்டு எண்ணி, சுமார் 24,000 ஆண்டுகளில் அந்த மேட்டுநிலத்தின் காடும் புல்வெளியும் மழையும் மாறிவந்த வரலாற்றை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டனர். அங்கும் ஒவ்வொரு துகளுக்கும் பெயரோடு அது கிடைத்த ஆழமும் எழுதப்பட்டது.