படமும் மாளிகையும் நாளும்: யாழ்ப்பாணத்துத் திரைப்பட வாணிபம் பற்றிய ஒரு நோக்கு

திரைப்படத்தைக் கலை என்ற நிலையில் வைத்து ஆராய்ந்தோர் நம்மிடையே பலர். அதன் கதையமைப்பு, நடிப்பு, சமூக நோக்கு ஆகியன குறித்து எழுதப்பட்டவையும் ஏராளம். ஆனால் ஒரு படச்சுருள் எவர் கைகளினூடாக, எந்த நாளில் ஒரு நகரத்தின் படமாளிகையை வந்தடைந்தது என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இது சிறிய வினாவன்று. இங்கு எப்படம் ஓடிற்று, எப்படம் ஓடாதொழிந்தது என்பதைத் தீர்மானித்ததிலே சுவைஞரின் விருப்பத்துக்கு இருந்த அளவு பங்கு விநியோக உரிமைக்கும் வெளியீட்டு நாளுக்கும் இருந்தது.

யாழ்ப்பாண நகரிலே வின்சர், ராணி, மனோகரா, ராஜா, வெலிங்டன், றீகல், லிடோ, ஸ்ரீதர் எனப் படமாளிகைகள் பல இருந்தன. கோட்டைக்கு அண்மையில் இருந்த றீகல் ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போனது. மாளிகைகள் பலவாக இருந்தமையால் சுவைஞனின் தெரிவும் பரந்ததாக இருந்தது எனக் கொள்ளுதல் தவறாகும். படத்துக்கும் மாளிகைக்கும் இடையே விநியோகக் கம்பனி நின்றது. சிற்றம்பலம் ஏ. கார்டினர் முன்னின்று 1928இல் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ், பின்னர் எழுந்த சிலோன் என்டர்டெயின்மன்ட்ஸ், கே. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிட்டெட் ஆகிய மூன்றுமே 1950களிலும் 1960களிலும் இலங்கைத் திரைப்பட வாணிபத்தைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டவை. படத்தை இறக்குமதி செய்வோரும், அதனை விநியோகிப்போரும், மாளிகைகளைத் தம் வசம் வைத்திருந்தோரும் பெரும்பாலும் ஒருவரே. ஒரு கம்பனி தருவித்த படம் அக்கம்பனியோடு தொடர்புடைய மாளிகைகளிலே காட்டப்படும். மற்றையது காத்திருக்கும், அல்லது வேறு படம் தேடும். எனவே ஒரு நடிகரின் படங்களுக்குரிய உரிமையைப் பெறுதல் என்பது அந்நடிகரின் சுவைஞர் கூட்டத்தையே தன் வாயிலுக்கு அழைத்துக்கொள்வதாகும்.

இத்தகைய அமைப்பு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே பெரும் படத்தயாரிப்புக் கம்பனிகள் மாளிகைகளையும் தாமே வைத்திருந்ததோடு, ஒரு நல்ல படம் வேண்டுமாயின் வேறு பல படங்களையும் சேர்த்தே எடுக்கவேண்டும் என்று மாளிகைக்காரரைக் கட்டாயப்படுத்தின. 1948ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் பரமவுண்ட் வழக்கிலே அவ்வழக்கத்தைச் சட்டவிரோதமாக்கியதைத் தொடர்ந்து, தயாரிப்பும் மாளிகை உடைமையும் பிரிக்கப்பட்டன. இலங்கையில் அவ்வாறான பிரிப்பு நிகழவில்லை. இங்கு நிகழ்ந்தது வேறொன்று; அதனைப் பின்னர் நோக்கலாம்.

உரிமையோடு பிணைந்தது நாள். தமிழ்த் திரைப்பட வாணிபத்திலே தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் உள்ள இடம் யாவரும் அறிந்ததே. 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்குச் சென்னை பிராட்வே மாளிகையில் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ அங்கே மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பர். இதனைத் தியாகராஜ பாகவதரின் குரல்வளத்துக்குச் சான்றாகவே எல்லோரும் எடுத்துக்காட்டுவர், அது சரியே. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். மூன்று தீபாவளிகளிலும் அம்மாளிகையிலே வேறெந்தப் படத்துக்கும் இடமில்லை. ஒரு படம் ஓடுதல் என்பது இன்னொரு படம் ஓடாமையுமாகும். மாளிகை பல உள்ள பெருநகரிலே இது பெரிதாகத் தோன்றாது. யாழ்ப்பாணம் போன்ற நகரிலே, அதுவும் உரிமைகள் பங்கிடப்பட்டிருந்த காலத்திலே, இது உயிர்ப்பிரச்சினை.

குடாநாட்டுக்கு இன்னொரு தனி நிலைமையும் இருந்தது. சென்னையிலே தீபாவளிக்கு வந்த படம் அதே தீபாவளிக்கு இங்கு வருவது அரிது. இறக்குமதி அனுமதி, சுங்கம், கொழும்பிலே தணிக்கைச் சபை ஆகிய யாவற்றையும் கடந்தே அது வடக்கே வரவேண்டும். ஆனால் பாட்டுக்குச் சுங்கமில்லை. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு புதிய படங்களின் பாடல்களை நாள்தோறும் வழங்கிற்று. படத்தைக் காணுமுன்னரே பாட்டை மனனம் செய்துவிட்ட ஒரு சுவைஞர் கூட்டம் இவ்வாறு உருவாயிற்று. தாமதம் விற்பனையைக் கெடுக்கும் என்பது பொது விதி. இங்கோ தாமதமே ஆவலை வளர்த்தது என்று கூறவும் இடமுண்டு.

அவ்விதி பொய்யாகும் இடமும் உண்டு, மெய்யாகும் இடமும் உண்டு. திரைப்படத்தைப் போலவே உரிமையையும் நாளையும் நம்பி நிற்கும் இக்கால வீடியோ விளையாட்டு வாணிபத்திலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். ‘ரைஸ் ஒஃப் த டூம் ரெய்டர்’ என்னும் விளையாட்டு 2015 நவம்பர் 10ஆந் தேதி மைக்ரோசொப்ட் கம்பனியின் எக்ஸ்பொக்ஸ் பொறிகளுக்கென மட்டும் வெளியாயிற்று. போட்டியான பிளேஸ்டேசன் பொறியை உடையோர் 2016 ஒக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. போதாக்குறைக்கு, பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ‘போல்அவுட் 4’ வெளிவந்ததும் அதே நவம்பர் 10இலேதான். உரிமையினால் ஒரு வாயில் அடைபட்டது. திறந்திருந்த வாயிலிலோ இன்னொருவர் முன்னரே நின்றார். யாழ்ப்பாணத்து மாளிகைக்காரர் எவருக்கும் இந்த நிலையை விளக்கவேண்டிய தேவை இருந்திராது.

1971ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் 1972இல் இயங்கத் தொடங்கிற்று. இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்கு மாறின. மூவரின் பங்கீடு ஒருவரின் ஏகபோகமாயிற்று. அந்நியச் செலாவணி நெருக்கடி மிகுந்த அக்காலத்திலே இந்தியப் படங்களின் வரவும் கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டுத் தமிழ்ப் படத்துக்கு இது ஒரு நல்வாய்ப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவ்வாண்டிலேயே வி. எஸ். துரைராஜா தயாரித்து டபிள்யூ. எஸ். மகேந்திரன் நெறிப்படுத்திய ‘குத்துவிளக்கு’ யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பமொன்றைத் திரைக்குக் கொணர்ந்தது. காவலூர் இராசதுரையின் எழுத்தில், அந்நாளில் யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய ‘பொன்மணி’ 1977இலும், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ 1978இலும் வெளிவந்தன. ‘வாடைக்காற்று’ வந்த ஆண்டிலே வேறு சில உள்நாட்டுத் தமிழ்ப் படங்களும் திரையைக் கண்டன.

இவற்றுள் ‘பொன்மணி’ வணிக வெற்றி பெறவில்லை. அதன் நிதானமான யதார்த்தம் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களிலே பழகிய சுவைஞர்க்கு ஒவ்வவில்லை என்பதே வழமையாகக் கூறப்படும் காரணம். இக்காரணத்தை முற்றாகத் தள்ளுவதற்கில்லை. ஆனால் அது முழுக் காரணமாகாது. நட்சத்திரப் படம் முதல் நாளிலேயே மாளிகையை நிரப்பும். வானொலி அதற்கான விளம்பரத்தை ஏலவே செய்து முடித்திருக்கும். இத்தகைய படமோ ஒருவர் பார்த்து மற்றொருவருக்குச் சொல்லிப் பரவவேண்டியது. அதற்கு வாரங்கள் வேண்டும். அடுத்த படத்தை எதிர்பார்த்து நிற்கும் மாளிகை முதல் வார வசூலைக் கண்டே தீர்ப்பளித்துவிடுகின்றது. மேலும், சிங்களப் படத்துக்குத் தீவெங்கும் மாளிகைகள் இருந்தன. உள்நாட்டுத் தமிழ்ப் படமோ வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு ஆகியவற்றின் சில மாளிகைகளை மட்டுமே நம்பி அதே படச்சுருட் செலவைத் தாங்க வேண்டியிருந்தது. கட்டுப்பாடு இந்தியப் படங்களின் தொகையைக் குறைத்ததேயன்றி உள்நாட்டுப் படத்துக்கென ஒரு நாளையோ ஒரு மாளிகையையோ ஒதுக்கித் தரவில்லை. இறக்குமதி குறைந்தபோது மிளகாய்ச் செய்கையாளன் பெற்ற நன்மையைப் படத்தயாரிப்பாளன் பெறாமைக்குக் காரணம் இதுவே எனலாம். மிளகாய்க்கு மாளிகை வேண்டியதில்லை.

பின்னர் நிகழ்ந்தவை விரைவானவை. 1977இன் பின் பொருளாதாரம் திறக்கப்பட்டது; 1980களிலே தொலைக்காட்சியும் வீடியோ கசெற்றும் வீடுகளுக்குள் நுழைந்தன. 1983 யூலை வன்செயலிலே குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரியுண்டது. படச்சுருள்கள் பல அழிந்தன. உள்நாட்டுத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகள் இன்று கிடைப்பதில்லை. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின் மாளிகைகளைப் பற்றிப் பேச எதுவுமில்லை.

போர் 2009இல் முடிந்தபின் நவீன திரையரங்குகள் யாழ்ப்பாணத்துக்கு வந்துள்ளன. முன்னணி நடிகரின் படம் சென்னையில் வெளியாகும் நாளிலேயே இங்கும் வெளியாகின்றது. வானொலிப் பாட்டைக் கேட்டு மாதக்கணக்கிற் காத்திருந்த தலைமுறைக்கு இது நம்பவியலாத மாற்றமே. உள்ளூரிலே படம் எடுக்கும் இளைஞர்க்கோ அந்த நாள்களை விலக்கியே தம் நாளைத் தேடவேண்டியிருக்கின்றது. 2015 முதல் நடைபெற்றுவரும் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா, ஆண்டிற் சில நாள்களுக்கேனும், அவர்களுக்கு ஒரு திரையைத் திறந்து விடுகின்றது.