தங்கவயலின் பௌத்த சங்கம்: ஓர் இளம் அமைப்பின் வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது?

தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன ஓர் அமைப்பு வளர்கிறதா, தேய்கிறதா என மதிப்பிடுவதற்கு வரலாற்றாய்வில் பெரும்பாலும் மூன்று அளவுகோல்களே கையாளப்படுகின்றன: உறுப்பினர் எண்ணிக்கை, கிளைகளின் எண்ணிக்கை, அமைப்பு நீடித்த காலம். மூன்றும் ஆவணங்களில் எளிதில் கிடைப்பவை, அட்டவணையாக அடுக்கத்தக்கவை. கோலார் தங்கவயலில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வேரூன்றிய சாக்கைய பௌத்த சங்கத்தை இவற்றால் அளந்தால் கிடைக்கும் விடை மிகச் சுருக்கமானது: சிறிய சங்கம், சில கிளைகள், ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம். அந்த விடை போதுமானதா என்பதே இங்கு எழும் கேள்வி.

1. களம்

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) 1898-இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்று, சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். அதே ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் தோன்றியது. பின்னர் அதன் கிளைகள் பெங்களூர், செகந்திராபாத், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எனத் தமிழ் உழைப்பாளர் சென்ற இடங்களிலெல்லாம் உருவாயின. அவற்றுள் மிக வலுவானவை தங்கவயலின் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் கிளைகள்.

இதற்குத் தங்கவயலின் அமைப்பே முதற்காரணம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கங்களின் நிர்வாகத்தை ஏற்ற பின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர் பெருந்தொகையாகக் குடிபெயர்ந்தனர். 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தங்கவயலின் மக்கள்தொகை 38,204. அடுத்த ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்க நிலத்துக்கு வெளியே, மைசூரில் பிரித்தானிய ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சன் பெயரால் ராபர்ட்சன்பேட்டை கடைவீதிகளோடு எழுந்தது. கிராமத்தில் ஊருக்கும் சேரிக்கும் இடையிலான எல்லையை நிலமும் கோயிலும் காத்து நின்றன. சுரங்க லைன்களில் அந்த நிலவுடைமையாளர் இல்லை. ஒப்பந்தக்காரரிடம் பட்ட கடனும், தட்டி வீடுகளின் நெருக்கடியும், பாறை வெடிப்பின் ஆபத்தும் இருந்தன. ஆயினும் கூலி பணமாகக் கைக்கு வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சங்கத்துக்கும் பள்ளிக்கும் இதழுக்கும் ஒதுக்க முடிந்தது. இச்சங்கத்தின் பொருளியல் அடித்தளம் இதுவே.

2. கணக்கெடுப்பு என்னும் அளவுகோல்

பௌத்தம் தங்கவயலில் எவ்வளவு பரவியது என்பதற்கு முதலில் காட்டப்படும் சான்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அயோத்திதாசரும் அதன் வலிமையை நன்கு உணர்ந்திருந்தார். ஒடுக்கப்பட்டோர் தம்மை இந்துக்கள் எனப் பதிய வேண்டியதில்லை, சாதிபேதமற்ற திராவிடர் எனவும் பௌத்தர் எனவும் பதிய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வாதம். 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டி இவ்வாதம் கூர்மையடைந்தது.

ஆனால் கணக்கெடுப்பு இந்த வகைச் சங்கத்துக்கு ஏற்ற கண்ணாடி அன்று. பஞ்சசீலம் ஏற்றவர், ஞாயிறு தோறும் சங்கத்துக்கு வந்தவர், பௌத்த முறையில் திருமணமோ இறுதிச் சடங்கோ செய்துகொண்டவர், இதழை மட்டும் படித்தவர் என ஈடுபாட்டின் படிநிலைகள் பலவாயிருக்க, படிவத்தில் ஒரே ஒரு கட்டமே இருந்தது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதில் எழுதும் அலுவலரின் விருப்பத்துக்கும் இடமுண்டு.

பின்னர் வந்த அரசியல் மாற்றங்களும் எண்ணை இழுத்தன. 1922-இல் சென்னை மாகாணத்தில் ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயர் அரசு ஏற்பைப் பெற்றது. மைசூர் சமஸ்தானத்திலும் ஆதி திராவிடர், ஆதி கர்நாடகர் என்னும் பெயர்கள் நிலைபெற்றன. 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாத மதத்தவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியர் முழுமையாகச் சேர்க்கப்பட்டனர். பௌத்தர் சேர்க்கப்பட 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாற்பது ஆண்டுகளில் தம்மைப் பௌத்தர் எனப் பதிவது கல்வியிலும் வேலையிலும் கிடைத்த உரிமையை இழப்பதாகவே பலருக்குப் பொருள்பட்டது. எனவே படிவத்தில் பௌத்தர் குறைந்ததைக் கொண்டு வாழ்வில் பௌத்தம் குறைந்தது என்று முடிவு கட்டுவது, சலுகை விதியை நம்பிக்கையின் அளவாகக் கொள்வதாகும்.

ஒப்பீட்டுக்கு: 1951-இல் இந்தியாவில் சுமார் 1.8 லட்சமாக இருந்த பௌத்தர் தொகை 1961-இல் சுமார் 32.5 லட்சமாயிற்று. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் தலைமையில் நடந்த மதமாற்றத்தின் விளைவு அது. பதிவால் உரிமை இழப்பு நேரும் என்ற நிலையிலும் அப்பெருக்கம் நிகழ்ந்தது என்பது உண்மை. அதன் பின்னே மாபெரும் மக்கள் இயக்கம் ஒன்று இருந்தது. ஒரே நாளில் திரண்ட கூட்டத்தைக் கணக்கெடுப்பு காட்டிவிடும். இருபது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக நிகழ்ந்த மனமாற்றத்தை அது காட்டாது.

3. இதழ் என்னும் அளவுகோல்

1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் இராயப்பேட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. நான்கு பக்கம், விலை பெயரிலேயே இருந்தது. அடுத்த ஆண்டு ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கியது. அரசியல் கட்டுரை, சரித்திர ஆராய்ச்சி, மருத்துவக் குறிப்பு, வாசகர் வினாக்களுக்கு விடை, கிளைச் சங்கங்களின் செய்தி ஆகியவை அதில் இடம்பெற்றன. தங்கவயல் வாசகர்கள் அதில் தொடர்ந்து காணப்படுகின்றனர்.

சங்கத்தின் செயல்பாட்டை அறிய இதுவே மிக வளமான சான்று. ஆயினும் இது சங்கத்தின் குரலாக வெளிவந்த இதழ் என்பதை மறத்தலாகாது. கூட்டம் நடந்தால் அச்சேறும். கூட்டத்துக்கு ஆள் வராமற்போனால் அச்சேறாது. ஆகவே இதழ்ச் செய்திகளின் எண்ணிக்கையைக் கூட்டி ‘வளர்ச்சி’ என்று வரைவது ஆபத்தானது. அவற்றைத் தரம் பிரித்தே படிக்க வேண்டும்.

முதலாவதாக, நடக்கவிருக்கும் கூட்டத்தின் அறிவிப்பு வேறு, நடந்த கூட்டத்தின் அறிக்கை வேறு. முன்னது விருப்பத்துக்குச் சான்று. பின்னது செயலுக்குச் சான்று. இரண்டாவதாக, சங்கப் பொறுப்பாளர் எழுதும் கடிதமும் பொறுப்பு எதுவும் இல்லாத வாசகர் எழுதும் கடிதமும் சம எடை உடையன அல்ல. ஒரே இருவர் மாறி மாறி எழுதும் கிளையைவிட, புதுப்பெயர்கள் தோன்றிக்கொண்டே இருக்கும் கிளை உயிர்ப்புள்ளது. மூன்றாவதாக, பாராட்டுக் கடிதத்தைவிட ஐயம் எழுப்பும் கடிதம் மதிப்பு மிக்கது. சடங்கை எவ்வாறு செய்வது, பண்டிகையை விடுவதா மாற்றுவதா, உறவினர் எதிர்த்தால் என்ன செய்வது என்று கேட்பவர் கொள்கையை வீட்டுக்குள் கொண்டு சென்றுவிட்டவர்.

சந்தா எண்ணிக்கையும் வாசகர் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கூடிக் கேட்பது அக்காலத் தமிழ்ச் சமூகத்தில் பரவலான வழக்கம். எழுத்தறிந்தோர் சிலரே இருந்த தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பிரதி என்பது ஓர் அவைக்குச் சமம்.

4. சொல் பரவுதல்

மொழியியல் நோக்கில் மற்றோர் அளவுகோல் உண்டு: அமைப்பு உருவாக்கிய சொற்கள் அதன் எல்லைக்கு வெளியே வழங்கத் தொடங்கிவிட்டனவா? அயோத்திதாசர் ‘யதார்த்த பிராமணர்’, ‘வேஷ பிராமணர்’ என்னும் இணையை உருவாக்கினார். முன்னது ஒழுக்கத்தால் உயர்ந்த பௌத்த அறவோரையும், பின்னது அவர்தம் கோலத்தை மட்டும் பூண்டவரையும் குறித்தது. தீபாவளியை எள்ளின் நெய் கண்டறியப்பட்டதைக் கொண்டாடும் நாளாக விளக்கினார். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் பல இன்றைய வரலாற்று மொழியியலின் சோதனையில் நிற்கமாட்டா. ஆனால் அவை ஆற்றிய பணி வேறு. தாழ்ந்தவர் என்று சொல்லப்பட்டவர் தம் மொழியையே ஆதாரமாக வைத்து, ‘நாங்கள் தாழ்த்தப்பட்டவர்கள்; தாழ்ந்து பிறந்தவர்கள் அல்லர்’ என்று வாதிட அவை கருவியாயின. பிறவியைக் குறித்த சொல்லுக்குப் பதில் வரலாற்றில் நிகழ்ந்த செயலைக் குறிக்கும் சொல் கிடைத்தது. சுரங்கத்தில் உழைக்கும் வாசகர் ஒருவர் தம் சொந்தக் கடிதத்தில், மேற்கோளாக அன்றித் தம் சொல்லாகவே இவற்றை எழுதும்போது, சங்கம் அவரிடம் சென்று சேர்ந்துவிட்டது எனத் துணியலாம்.

5. நிறுவனர் மறைந்த பின்

இளம் அமைப்பு எதற்கும் உண்மையான தேர்வு நிறுவனரின் மறைவு. 1914 மே 5 அன்று அயோத்திதாசர் காலமானார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின் அது நின்றது. நீடித்த காலமே அளவு என்றால் கதை இங்கு முடிந்திருக்க வேண்டும்.

1926-இல் ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்தது. வெளிவந்த இடம் கோலார் தங்கவயல். ஜி. அப்பாதுரையார் ஆசிரியர். சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டு வழங்கியது. சென்னையில் தலைமை ஓய்ந்த பின் கிளையே தலைமை ஆயிற்று என்பது இதன் பொருள். இடைப்பட்ட பத்தாண்டுக்கு மேலான மௌனத்தில் சங்கம் இறந்துகிடந்திருந்தால் இப்படி ஒரு மீட்பு நிகழ்ந்திராது. ஓர் இதழை நடத்தப் பணமும் ஆளும் பழக்கமும் வேண்டும். மூன்றும் எங்கோ சேமிக்கப்பட்டிருந்தன. இரண்டாம் ‘தமிழன்’ சுயமரியாதை இயக்கத்தோடும் உறவு கொண்டது. இதனைப் பௌத்தம் கரைந்துபோனதாகச் சிலர் காணலாம், விரிந்ததாகவும் காணலாம். அமைப்பின் பெயரை மட்டும் தேடுபவருக்கு முதலாவது தோன்றும். மனிதரையும் நூல்களையும் பின்தொடர்பவருக்கு இரண்டாவது தோன்றும்.

6. ஓர் எச்சரிக்கை

1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சட்டப்படியான தொழிற்சங்கம் அங்கு அப்போது இல்லை. மைசூரில் அதற்கு 1940-களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முறையான தலைமை புலப்படாத நிலையில் இத்தனை ஒருமைப்பாடு எவ்வாறு வந்தது என்னும் வினாவுக்கு விடையாகப் பௌத்த சங்கத்தை நேரடியாக நிறுத்தும் ஆசை எழலாம். அதற்கு இடம் தரலாகாது. ஊர் உறவு, சாதிக் கட்டு, பஜனைக் கூட்டம், கிறித்தவ சபை எனக் கூடிப் பழகும் வழிகள் பல இருந்தன. சங்கம் அவற்றுள் ஒன்று. அதனைக் காரணமாக அன்றி, கூடுவதற்கும் பேசுவதற்கும் பயிற்சி தந்த களங்களுள் ஒன்றாகக் கொள்வதே ஆய்வு நேர்மை.

7. எதை அளப்பது?

சங்கத்தைப் பற்றி இன்று அறிய முடிவதும்கூட அதன் செயல்பாட்டின் விளைவே. அன்பு பொன்னோவியம் போன்றோர் பாதுகாத்து வைத்த இதழ்த் தொகுதிகளின்றி, ஞான. அலாய்சியஸ் பதிப்பித்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்திருக்க இயலாது. தமிழகப் பல்கலைக்கழகங்கள் கவனிக்காத பல பத்தாண்டுகளில், பழைய தாள்களைப் பெட்டியில் வைத்துக் காத்தவர்கள் இயக்கக் குடும்பத்தினரும் ஆர்வலர்களுமே. உறுப்பினர் பட்டியலில் இந்தச் செயலுக்குக் கட்டம் கிடையாது.

இளம் அமைப்புகளை ஆய்வோர் உறுப்பினர், கிளை, காலம் ஆகியவற்றோடு இன்னும் நான்கு வினாக்களை எழுப்புவது நலம். புதியவர் பேசத் தொடங்கினாரா? கொள்கை வீட்டுச் சடங்கில் நுழைந்ததா? அதன் சொற்களைப் பிறர் தம் சொற்களாக்கிக் கொண்டனரா? நிறுவியவர் இல்லாதபோது மீண்டும் தொடங்க யாரேனும் இருந்தனரா? தங்கவயல் சங்கம் முதல் மூன்று அளவுகோல்களில் சிறிதாகத் தோன்றுகிறது. இந்த நான்கிலும் அதன் விடை ‘ஆம்’ என்பதே. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் எத்தனை டன் எடுக்கப்பட்டது என்னும் கணக்கு அரசிடம் உண்டு. ராபர்ட்சன்பேட்டை, மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் வீடுகளில் எஞ்சியுள்ள இதழ்களும் சங்க ஏடுகளும் அழைப்பிதழ்களும் இன்னும் முறையாகத் திரட்டப்பட வேண்டியவை. மேற்கண்ட வினாக்களுக்கு முழுமையான விடை அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. அவற்றை வைத்திருக்கும் முதியோர் வாழும் காலத்திலேயே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.