செங்கல்லும் பதிவேடும்

கோலாலம்பூரில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதி பிரிக்பீல்ட்ஸ். செங்கற் களம் என்பது அப்பெயரின் பொருள். அப்பெயருக்குப் பின்னால் ஒரு பெருந்தீயின் வரலாறு உண்டு. 1881ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், மரச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக நின்ற கோலாலம்பூர் நகரம் எரிந்து அழிந்தது. அபின் விளக்கொன்று சாய்ந்ததே காரணம் என்பர். 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்புமாறு பணித்தார். அதற்கெனச் சூளைகள் எரிந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. நகரம் வெந்த பின்னரே செங்கல்லைத் தேடினர்.

நம் காலத்தில் மக்களின் பெயரும் முகவரியும் குடியிருப்பது கணினிப் பதிவேடுகளில். அவ்வீடுகளும் அத்தாப்புக் கூரையோடு நின்று தீப்பற்றியவையே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே செங்கல் முன்னரே கையில் இருந்தது.

பழைய பதிவேடு எத்தகையது? கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரட்டுக்கு வந்தவர் பெயரைக் கிராணி செக்ரோலில் பதிந்து, அதனை ஆபீசிலேயே வைத்திருப்பார். அதைத் திருட வேண்டுமாயின் ஒருவன் உள்ளே வரவேண்டும். வந்தாலும் ஒரு தோட்டத்தின் ஏட்டைத்தான் தூக்கிச் செல்லக்கூடும். நாடளாவிய பதிவு 1948இல், அவசரகாலத்தில் வந்தது. 12 வயதும் அதற்கு மேலும் ஆன யாவரும் படமும் பெருவிரல் ரேகையும் தந்து அடையாளக் கார்டு பெற்றனர். பதிவேட்டின் வலிமையைக் கிளர்ச்சிக்காரர் நன்கு உணர்ந்திருந்தனர். கார்டுகளைப் பறித்துக் கிழித்தனர். அன்றைய தாக்குதல் காட்டிலும் சாலையிலும் கண்ணுக்குத் தெரிய நிகழ்ந்தது.

ஏடு கணினிக்குள் புகுந்தபோது நிலைமை மாறியது. 1970இல் எட்கர் காட் என்னும் அறிஞர் தரவுகளை அட்டவணைகளாக அடுக்கும் நெறியை வகுத்தார். அவ்வட்டவணைகளிடம் வினா எழுப்பும் மொழியைச் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974இல் வெளியிட்டனர். இன்று எஸ்.கியூ.எல். எனப்படுவது அதுவே. இம்மொழியில் வரும் வினாவைப் படித்து, ஏட்டைப் புரட்டி, விடை தரும் மென்பொருளே தரவுத்தள சர்வர். அதனை ஓயாத ஒரு கிராணி எனலாம். ஆயின் ஆளை முகம் பார்த்து அறியாத கிராணி.

அக்கிராணியை ஏமாற்றும் வழிகளுள் ஒன்று 1998இலேயே அச்சேறியது. பெயர் கேட்ட இடத்தில் ஒருவன், “என் பெயர் முனியாண்டி, அலமாரிச் சாவியையும் கொடு” என்கிறான். பெயர் எது, கட்டளை எது எனப் பிரித்தறியாத கிராணி சாவியை நீட்டிவிடுகிறார். வினாவை முன்னரே எழுதி வைத்து, பெயரைப் பெயராக மட்டும் ஏற்கும்படி செய்தால் இச்சூது பலிக்காது. மருந்து இத்துணை எளிது. ஆயினும் இந்நோய் கால் நூற்றாண்டு கடந்தும் தீரவில்லை. 2017 ஜனவரியில் உலகெங்கும் பல்லாயிரம் தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டுப் பணயம் கேட்கப்பட்டபோது இச்சூது கூடத் தேவைப்படவில்லை. அவற்றுக்குக் கடவுச்சொல்லே இடப்படவில்லை!

மற்றொரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். மைக்ரோசாப்டின் எஸ்.கியூ.எல். சர்வர் 2000 என்னும் மென்பொருள், சிறு வினா ஒன்றுக்கென ஒதுக்கிய இடத்தில் நீண்ட செய்தி வந்தால் அளவு பார்க்காமல் ஏற்றது. மிகுந்த பகுதி வழிந்து, கட்டளைக்குரிய இடத்தில் விழுந்து, கட்டளையாகவே நிறைவேறியது. டேவிட் லிட்ச்பீல்ட் என்பவர் கண்டறிந்த இக்குறைக்கு 2002 ஜூலையில் திருத்தமும் வெளியாயிற்று. ஆறு திங்கள் கழிந்தன. 2003 ஜனவரி 25, சனிக்கிழமை. கோலாலம்பூரில் பகல் ஒன்றரை மணி. 376 பைட் அளவே உள்ள ‘ஸ்லாமர்’ என்னும் புழு நிரல் புறப்பட்டது. தொடக்கத்தில் எட்டரை வினாடிக்கு ஒருமுறை இரட்டித்தது. பத்தே நிமிடத்தில், அக்குறையுள்ள கணினிகளுள் பத்தில் ஒன்பதைப் பற்றியது. குறைந்தது 75,000 கணினிகள் சிக்கின. தென்கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவில் ஒரு வங்கியின் 13,000 பணப்பொறிகள் தடைப்பட்டன. திருத்தம் இடாதவரெல்லாம் சோம்பேறிகள் அல்லர். வேறு மென்பொருள்களுக்குள் இச்சர்வர் அடங்கியிருந்ததைப் பலர் அறிந்திருக்கவேயில்லை. தம் வீட்டில் அத்தாப்பு இருப்பதை அறியாதவர் அதை மாற்றுவது எங்ஙனம்?

ஸ்லாமர் வழியை அடைத்ததேயன்றி ஏட்டைக் களவாடவில்லை. ஏடு களவு போனால் என்ன ஆகும் என்பதை மலேசியர் 2017 அக்டோபரில் கண்டனர். 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் பதிவுகள் வெளியேறி விற்பனைக்கு வந்திருந்தன. நாட்டின் மக்கள் தொகையோ ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம். ஒருவரே பல எண்கள் வைத்திருந்ததால் கணக்கு மிகுந்தது. பெயர், முகவரி, அடையாளக் கார்டு எண் ஆகியவை அவற்றில் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முந்தைய பதிவுகள் அவை. ஆகவே, களவு போனது உரியவர்க்குத் தெரியவரச் சில ஆண்டுகள் பிடித்தன.

அடையாளக் கார்டு எண் வெறும் எண்ணன்று. 1990இல் வந்த 12 இலக்க முறையில் முதல் ஆறு பிறந்த நாளைக் கூறும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் கூறும். சிலாங்கூருக்குப் பொதுவாக 10. கடைசி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண்.

சட்டம் இல்லாமலில்லை. 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. ஆனால் ஏடு கசிந்தால் ஆணையருக்கோ உரியவருக்கோ அறிவிக்க வேண்டும் என்னும் கடமை அதில் இல்லை. அக்கடமை 2024இன் திருத்தச் சட்டத்தால் பிறந்து, 2025 ஜூன் 1 முதல்தான் நடப்புக்கு வந்தது. தண்டமும் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. எனினும் கூட்டரசும் மாநில அரசுகளும் இச்சட்டத்துக்கு இன்றும் புறம்பானவை. பிறப்பு முதல் இறப்பு வரை மிகுதியான ஏடுகளை வைத்திருப்பது அரசு. அரசுக் கட்டடத்துக்கு மட்டும் அத்தாப்பே போதும் என்று சுவெட்டன்ஹாம் விலக்களித்திருந்தால் பிரிக்பீல்ட்ஸ் சூளைகள் பாதிதான் எரிந்திருக்கும். 2024 ஆகஸ்ட் 26 முதல் நடைமுறையில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம் இக்குறையில் ஒரு பகுதியைத்தான் அடைக்கிறது.

களவு போன கைப்பேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாம், வீட்டையும் மாற்றலாம். கிள்ளானில் பிறந்த ஒருவர் 2013இல் கைப்பேசிக் கடையில் எழுதிக்கொடுத்த 12 இலக்கங்களும், இன்று வங்கியிலும் மருத்துவமனையிலும் எழுதிக்கொடுக்கும் 12 இலக்கங்களும் ஒன்றே.