‘இனம்’ என்ற கட்டத்தில் நம் பெயர்

பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் ‘இனம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? நம் வீடுகளில் நடக்கும் இந்த விவாதத்துக்கு வயது அதிகம். 1871ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களின் மக்கள்தொகைக் கணக்கிலேயே, இந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தோர் ‘ஜாவி பெக்கான்’ எனத் தனியே எண்ணப்பட்டனர். 1876இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ச் செய்தித்தாளான ‘ஜாவி பெரானாக்கான்’ அவர்கள் நடத்தியதே. இதை நாம் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

இப்பிரிவுகள் கணக்குக்குக் கணக்கு மாறிவந்ததை 1987இல் சார்ல்ஸ் ஹிர்ஷ்மன் ஆராய்ந்து காட்டினார். அதற்கு முன்பே, 1974இல், ‘மலாய்க்காரர் என்பவர் யார்?’ என்று கேட்டு ஜூடித் நகாத்தா எழுதிய கட்டுரை நமக்கு மிக நெருக்கமானது. ஒருவரே சூழலுக்கேற்பத் தம் இனத்தை மாற்றிச் சொல்வதை அவர் பதிவுசெய்தார். அதைப் பாசாங்கென்று அவர் எண்ணவில்லை.

மலேசிய அரசமைப்பின் 160ஆம் பிரிவு மலாய்க்காரரை வரையறுக்கும்போது, இம்மண்ணோடுள்ள தொடர்புடன் இஸ்லாம், மலாய்ப் பேச்சு, மலாய் வழக்கம் ஆகியவற்றைக் கேட்கிறது. மார்க்கம் நம்மிடம் முன்பே உண்டு. மற்றவை வந்துசேர்ந்த வீடுகள் பலவற்றில் தமிழ் மெல்ல வெளியேறியது. அங்கே ஜாவி கற்ற பேரன் பாட்டனாரின் அரபுத்தமிழ் கிதாபை ஓரளவு எழுத்துக்கூட்டிவிடுகிறான். பொருள் கேட்டால் விழிக்கிறான்.