மகுடத்துக்கான யுத்தம் – 6: திண்டுக்குள் ஓர் அரசாட்சி

1439 அக்டோபர் 27. ஒட்டோமான்களைத் தடுக்கப் படையோடு தெற்கே போன ஹங்கேரி மன்னர் ஆல்பர்ட், வயிற்றுக்கடுப்பில் விழுந்து, திரும்பும் வழியிலேயே உயிரை விட்டார். அவருடைய மனைவி எலிசபெத் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. இரண்டு பெண் குழந்தைகள் ஏற்கெனவே இருந்தார்கள். ஆண் வாரிசு இல்லை.

பிரபுக்கள் காத்திருக்கத் தயாராக இல்லை. அதே ஆண்டுதான் சுல்தான் இரண்டாம் முராத், செர்பியாவின் ஸ்மெதெரெவோ கோட்டையைப் பிடித்திருந்தார். அடுத்த குறி பெல்கிரேட். அதுவும் விழுந்துவிட்டால் ஹங்கேரியின் தெற்கு வாசல் திறந்துவிடும். வயிற்றில் இருக்கும் பிள்ளை வாளேந்திப் போருக்குப் போக எத்தனை ஆண்டுகள் ஆகும்? பிறப்பது பெண்ணாக இருந்தால்? 1440 ஜனவரியில் புடா நகரில் கூடிய பிரபுக்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். போலந்தின் மன்னர் விளாதிஸ்லாவை அழைப்பது, எலிசபெத்தை அவருக்கே மணமுடித்து வைப்பது. விளாதிஸ்லாவுக்கு வயது 15. எலிசபெத்துக்கு 30. தூதர்கள் கிராக்கோவ் நகருக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

எலிசபெத் சாதாரணப் பெண் அல்ல. ஐம்பது ஆண்டுகள் ஹங்கேரியை ஆண்ட சிகிஸ்முந்தின் ஒரே மகள். ஆல்பர்ட் மன்னரானதே அவரை மணந்ததால்தான். தன் தந்தையின் சிம்மாசனத்தைத் தன் வயிற்றுப் பிள்ளைக்குத் தராமல் வேறொருவருக்குத் தூக்கிக் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. ஆனால், கையில் படை இல்லை. நாட்டின் பெரும் பிரபுக்களில் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள். என்ன செய்வது?

ஹங்கேரி வழக்கத்தில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

அந்த நாட்டில் ஒருவர் மன்னராக மூன்று நிபந்தனைகள் உண்டு. முடிசூட்டு விழா செகெஷ்பெஹெர்வார் நகரப் பேராலயத்தில் நடக்க வேண்டும். எஸ்தெர்கோம் பேராயரின் கையால் நடக்க வேண்டும். சூட்டப்படுவது புனித ஸ்டீஃபனின் பெயரால் வணங்கப்படும் அந்தப் புனித மகுடமாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர் மன்னரல்ல. நகரத்தையும் பேராயரையும் இடம் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது. மகுடத்தை முடியும். அதன் எடை இரண்டு கிலோதான்.

அது இருந்தது விசெகிராட் கோட்டையில். டேனியூப் நதி வளையும் இடத்தில், குன்றின் மேல். கோட்டையின் பொறுப்பு எலிசபெத்தின் உறவினரான பிரபு லாஸ்லோ கராயிடம். மகுடம் வைக்கப்பட்ட அறைக்குப் பூட்டுக்கு மேல் பூட்டு, ஒவ்வொன்றிலும் முத்திரை. ராணியே நேரில் போய்க் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். கேட்டால் அவருடைய எண்ணம் வெளிப்பட்டுவிடும்.

அப்படியானால் திருடத்தான் வேண்டும்.

அந்த வேலைக்கு எலிசபெத் தேர்ந்தெடுத்தது எந்தத் தளபதியையும் அல்ல. தன் இளைய மகளை வளர்த்துவந்த செவிலி ஹெலேனே கோட்டன்னரை. சோப்ரோன் நகரில் பிறந்தவர். முதல் கணவர் அந்நகரின் மேயராக இருந்து இறந்தார். பிறகு வியன்னாக்காரர் ஒருவரை மணந்து, அரண்மனைச் சேவகத்துக்கு வந்தவர். அகப்பட்டால் தன் கதியும் தன் பிள்ளைகளின் கதியும் என்னவாகும் என்று ஹெலேனேக்கு நன்றாகவே தெரியும். தயங்கினார். யோசித்தார். ஒப்புக்கொண்டார். ஆனால், தனியாக முடியாது, துணைக்கு ஓர் ஆண் வேண்டும் என்றார். முதலில் ஒரு குரோவேஷியரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். கேட்டதுமே அவர் முகம் வெளிறிவிட்டது. ஒதுங்கிக்கொண்டார். அடுத்து வந்த ஹங்கேரியர் துணிந்தார். அவர் யார்? பிற்பாடு இந்தக் கதையைப் பதிவு செய்தபோதும் ஹெலேனே அவர் பெயரைச் சொல்லாமல் காத்தார்.

பேறுகாலம் நெருங்கியிருந்தது. எலிசபெத் நதிவழியே மேற்கே, கோமாரோம் கோட்டைக்குப் போய்விட்டார். வேண்டுமென்றே பணிப்பெண்கள் சிலரை விசெகிராடில் விட்டுச் சென்றார். அவர்களை அழைத்துவர ஹெலேனே திரும்பிப் போனால் யாருக்குச் சந்தேகம் வரும்?

1440 பிப்ரவரி 20. ஹெலேனேயும் அந்த ஹங்கேரியரும் விசெகிராடை அடைந்தார்கள். உடைக்குள் அரங்கள் ஒளிந்திருந்தன. மகுட அறைக்குப் போகும் வழி பெண்கள் தங்கிய பகுதியை ஒட்டியே இருந்தது. கோட்டைக் காவல் அதிகாரிக்கு அன்று உடல்நலமில்லை. பெண்கள் இருக்கும் இடத்தில் படுக்கத் தயங்கி, அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

இரவு கவிந்தது. பெண்கள் உறங்கினார்கள். துணைவர் உள்ளே போய்ப் பூட்டுகளை அறுக்கத் தொடங்கினார். ஹெலேனே வெளியே காவல். இரும்பை இரும்பு தின்னும் ஓசை அந்த நிசப்தத்தில் எவ்வளவு தூரம் கேட்கும்! திடீரென்று வாசலில் ஆயுதம் தரித்தவர்கள் திரள்வதுபோல் ஓர் அரவம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார் ஹெலேனே. முழந்தாளிட்டு, இந்த இரவு தப்பினால் மரியாட்செல் மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டார். போய்ப் பார்த்தால், அங்கே யாருமே இல்லை.

மகுடம் வெளியே வந்தது. பூட்டுகளை மறுபடி மாட்டி, ராணியின் முத்திரையைப் புதிதாகப் பதித்தார்கள். அரங்கள் கழிப்பறைக் குழிக்குள் போயின. அடுத்து, மகுடத்தை எதில் வைத்து வெளியே கொண்டுபோவது? கோட்டைத் தேவாலயத்திலிருந்து சிவப்பு வெல்வெட் திண்டு ஒன்றை எடுத்துவந்தார்கள். அதைப் பிரித்து, இறகுகளைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, மகுடத்தை உள்ளே வைத்துத் தைத்தார்கள். விடிந்ததும் அந்தத் திண்டு பனிச்சறுக்கு வண்டியில் ஏறியது. மேலே மூடியது பழைய மாட்டுத்தோல்.

கோமாரோம் போக டேனியூபைக் கடக்க வேண்டும். நதி உறைந்திருந்தது. ஆனால், பனிக்கட்டி சில இடங்களில் மெலிந்திருந்தது. நடு ஆற்றில் பணிப்பெண்கள் வந்த வண்டியின் பாரம் தாங்காமல் பனி உடைந்து, வண்டி கவிழ்ந்தது. கூக்குரல்! மகுடத்தோடு எல்லோரும் நீருக்கடியில் போய்விடுவோம் என்று நடுங்கினார் ஹெலேனே. நல்லவேளை, கவிழ்ந்த வண்டியிலிருந்த பெண்களைக் காப்பாற்றிவிட்டார்கள். திண்டு இருந்த வண்டி தப்பியது.

இரவு கோமாரோம். ராணி விழித்திருந்தார். காரியம் முடிந்தது என்ற செய்தி காதில் விழுந்த சிறிது நேரத்திலேயே இடுப்புவலி கண்டது. அதே இரவில், பிப்ரவரி 22 பிறக்கும் வேளையில், பிறந்தது ஆண் குழந்தை! லாதிஸ்லாஸ் என்று பெயர் வைத்தார்கள். தந்தை இறந்து நான்கு மாதம் கழித்துப் பிறந்தவன்.

இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? ஹெலேனே பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1450 வாக்கில், ஜெர்மன் மொழியில் தன் நினைவுகளைச் சொல்லி எழுதவைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் வியன்னாவில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. மன்னர்களும் ஆயர்களும் நிறைந்த அந்த நூற்றாண்டின் பதிவுகளில், ஒரு பெண் சொந்தக் குரலில் சொன்ன அரசியல் வரலாறு மிக அரிது. பிரபுக் குலங்களின் மோதலைப் படைகளின் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். இங்கே ஒரு நாட்டின் வாரிசுரிமை ஓர் இரவு முழுக்கத் தொங்கிக் கிடந்தது ஒரு செவிலியின் மனவுறுதியில். வரலாறு அவருக்குத் தர வேண்டிய இடத்தை இன்னும் முழுதாகத் தரவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வாரிசு பிறந்துவிட்டான். போலந்துக்குப் போன தூதர்கள் பின்வாங்கினார்களா? இல்லை. மார்ச் 8 அன்று கிராக்கோவில் விளாதிஸ்லாவ் ஹங்கேரி மகுடத்தை ஏற்றுக்கொண்டார். எலிசபெத்துக்குக் கைவசம் இருந்தது சில வாரங்கள் மட்டுமே. ஹெலேனே ராணியின் தந்தை சிகிஸ்முந்தின் பழைய அங்கிகளை வெட்டி, கைக்குழந்தைக்கு முடிசூட்டு உடைகள் தைத்தார்.

1440 மே 15, செகெஷ்பெஹெர்வார். பன்னிரண்டு வாரக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர் ஹெலேனே. குழந்தைக்கு வீரப்பட்டம் சூட்டியவர் பிரபு மிக்லோஷ் உய்லாகி. முடிசூட்டியவர் எஸ்தெர்கோம் பேராயர் தேனெஷ் செய்ச்சி. கனத்த மகுடம் பிஞ்சுத் தலையை அழுத்தாதபடி மேலே தாங்கிப் பிடித்தவர் ராணியின் தாய்மாமன் மகன் உல்ரிச் சில்லி. குழந்தை வீறிட்டு அழுதது. மூன்று நிபந்தனைகளும் நிறைவேறின. சட்டப்படி ஹங்கேரிக்கு மன்னர் வந்துவிட்டார்.

ஒரு வாரத்துக்குள் புடாவின் கதவுகள் இன்னொரு மன்னருக்குத் திறந்தன. விளாதிஸ்லாவ் படையோடு உள்ளே வந்தார். அவருக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர், வேகமாக உயர்ந்துவந்த தளபதி யானோஷ் ஹுன்யாதி. ஜூன் 29 அன்று பிரபுக்கள் கூடி, குழந்தையின் முடிசூட்டல் செல்லாது என்று அறிவித்தார்கள். குழந்தைக்குச் சூட்டிய அதே பேராயர் செய்ச்சியும் இப்போது அவர்கள் பிடியில். செகெஷ்பெஹெர்வாரும் அவர்கள் கையில். ஆனால், புனித மகுடம்? அது ராணியிடம். விசெகிராடில் எஞ்சியிருந்தது காலிப் பெட்டி மட்டுமே.

மகுடம் இல்லாமல் எந்த மன்னருக்கு முடிசூட்டுவது? பிரபுக்களின் பார்வை செகெஷ்பெஹெர்வார் பேராலயத்தின் பக்கம் திரும்பியது. அங்கே இன்னொரு மகுடம் இருந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த புனித ஸ்டீஃபனின் தலையெலும்பைப் பாதுகாக்கும் பேழையின் மேல்!

புனிதரின் தலையிலிருந்தே மகுடத்தைக் கழற்றும் துணிவு யாருக்கு வந்தது? அதைக் கழற்றியவர்கள், இதுதான் உண்மையான மகுடம் என்று நாட்டை நம்பவைக்க எழுதிய அந்தப் புதிய சட்டம் என்ன?

(தொடரும்)